சீல் மாற்றியும் நிற்காத கசிவு: டீசல் மோட்டார்ஹோமில் மூலத்தைப் பிடிப்பது எப்படி

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் இருக்கிறீர்கள். 2004 மாடல் டீசல் மோட்டார்ஹோம் (உள்ளேயே தங்கி வாழும் வசதியுள்ள பெரிய வண்டி) ஒன்றைப் பழையதாக வாங்கியிருக்கிறீர்கள். கம்மின்ஸ் எஞ்சின், ஆலிசன் கியர்பாக்ஸ். எஞ்சினும் ரேடியேட்டரும் வண்டியின் வால் பக்கம். பின்னால் ஒரு சின்னக் காரை இழுத்துக்கொண்டு ஊர் சுற்றுகிறீர்கள். நிறுத்திய இடத்தில் எண்ணெய்ச் சொட்டு, காரின் முன்கண்ணாடியில் எண்ணெய்ப் படலம். ஒரு ஒர்க்‌ஷாப்பில் ரியர் மெயின் சீல் (கிராங்க் ஷாஃப்ட்டின் பின்முனையில் எண்ணெய் வெளியேறாமல் தடுக்கும் வளையம்) மாற்றினார்கள். கொஞ்ச நாள் கழித்து மறுபடி ஈரம். அடுத்த இடத்தில் டர்போவின் ஆயில் லைனை மாற்றினார்கள், மறுபடி ஈரம். இப்போது இன்னொருவர் ஆயில் பேன் கேஸ்கட், அதாவது எஞ்சினுக்கு அடியில் இருக்கும் எண்ணெய்த் தொட்டியின் விளிம்பு அடைப்பு, என்கிறார். மாற்றலாமா?

இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதில் ஒரு விஷயம் விடுபட்டிருக்கிறது. மூன்று பேரும் ஆளுக்கொரு பாகத்தைச் சொன்னார்கள். ஆனால் எண்ணெய் எங்கிருந்து புறப்படுகிறது என்று கண்ணால் பார்த்ததாக ஒருவர்கூடச் சொல்லவில்லை. ஈரமாக இருந்த இடத்தைப் பார்த்து, அதற்குப் பக்கத்தில் இருந்த பாகத்தின் மேல் பழி போட்டிருக்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கசிவுகளில் பல சமயம் இந்தக் கதைதான். அடுத்த பாகத்தை ஆர்டர் செய்வதற்கு முன் மூலத்தைப் பார்த்தே ஆக வேண்டும். பார்ப்பதற்கு வழி இருக்கிறது, பெரிய செலவும் இல்லை. பொறுமைதான் வேண்டும்.

ஓட்டு வீடு ஒழுகும்போது சொட்டு விழும் இடத்துக்கு நேர் மேலே உள்ள ஓடு நன்றாகத்தான் இருக்கும். உடைந்த ஓட்டிலிருந்து சட்டம் வழியே ஓடிவந்து வேறெங்கோ சொட்டும். எஞ்சினிலும் அப்படித்தான், இங்கே கூடவே காற்றும் உண்டு. எண்ணெய் கீழ் நோக்கி வழியும்; வண்டி ஓடும்போது காற்று அதைப் பின் நோக்கித் தள்ளும். அதனால் சாதாரண வண்டியில் மெக்கானிக்குகள் சொல்லும் விதி, ‘நனைந்திருப்பதிலேயே மேலேயும் முன்னேயும் இருக்கும் புள்ளியைத் தேடு’ என்பது. பின் ரேடியேட்டர் மோட்டார்ஹோமில் இந்த விதி பாதிதான் உதவும். பெரிய விசிறி ஒன்று எஞ்சின் அறைக் காற்றைச் சுழற்றி அடிக்கிறது. ஒரு சொட்டு அதன் வழியில் விழுந்தால் பொடிப்பொடியாகச் சிதறி எஞ்சின், கியர்பாக்ஸ், சட்டம், வயர்கள் வரை எல்லாவற்றையும் பூசிவிடும். எல்லாம் ஈரமாக இருந்தால் எதுவும் தடயம் இல்லை.

எஞ்சினுக்குப் போகுமுன் இன்னொன்று: கசிவது எஞ்சின் ஆயில்தான் என்று உறுதியாகத் தெரியுமா? ஒரு காரில் நாலைந்து திரவம் இருந்தால் இந்த வண்டியில் பத்துப் பன்னிரண்டு இருக்கும். எஞ்சின் ஆயில், கூலண்ட், கியர்பாக்ஸ் ஆயில், ஸ்டீயரிங்குக்கான ஹைட்ராலிக் ஆயில், வண்டியைச் சமமாக நிறுத்தும் ஜாக்குகளின் ஆயில், பின் ஆக்ஸில் ஆயில், முன் சக்கரத்தின் நடுக்குடமான ஹப்புக்குள் இருக்கும் ஆயில், டீசல், ஜெனரேட்டரின் ஆயில், கூரை ஏசியிலிருந்து வடியும் தண்ணீர், குடிநீர்க் குழாய்த் தண்ணீர். குளிர்காலத்தில் குடிநீர்க் குழாய்கள் உறைந்து வெடிக்காமல் இருக்க ஊற்றும் இளஞ்சிவப்பு ஆன்ட்டிஃப்ரீஸ் வேறு. அது புரோப்பிலீன் கிளைக்கால், எஞ்சின் கூலண்ட் அல்ல. வசந்தத்தில் வண்டியை வெளியே எடுத்ததும் அடியில் ரோஸ் நிறத்தில் தேங்கியிருப்பதைப் பார்த்து ‘கியர்பாக்ஸ் போச்சு’ என்று பதறுபவர்கள் ஒவ்வொரு வருஷமும் உண்டு.

நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். கூலண்டே பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, நீலம் என்று எல்லா நிறத்திலும் வருகிறது. ஆலிசனுக்குப் போடும் சின்தெட்டிக் ஆயில் சிவப்பு. ஜாக்கில் இருக்கும் ஏடிஎஃப் என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலும் சிவப்பு. ஸ்டீயரிங் டேங்கில் சில சேஸிஸில் ஏடிஎஃப், சிலவற்றில் எஞ்சினுக்குப் போடும் அதே 15டபிள்யூ-40 ஆயில். ஆகவே கறுப்பாக இல்லாத, தேன் நிறத்தில் சொட்டும் ‘எஞ்சின் ஆயில்’ எஞ்சினிலிருந்து வராமல் ஸ்டீயரிங் ஹோஸிலிருந்து வரலாம். ஓடிய டீசல் எஞ்சின் ஆயில் புகைக்கரியால் கன்னங்கரேல் என்று இருக்கும். எண்ணெய் மாற்றிச் சில நூறு மைல் போனாலே போதும். இந்த ஒரு அடையாளம் உங்களுக்குப் பின்னால் ரொம்ப உதவப் போகிறது.

வண்டியை நிறுத்தும் இடத்தில், பின்பக்கம் முழுவதும் அடியில் வரும்படி பெரிய அட்டைப்பெட்டிகளைப் பிரித்துப் போடுங்கள். பின் டயர்கள் எங்கே நிற்கின்றன, பின் பம்பர் எங்கே முடிகிறது என்று மார்க்கரால் அட்டையில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். நாள், நேரம், வண்டி ஓடி வந்து நின்றதா, சும்மா நின்றதா என்றும் மூலையில் எழுதுங்கள். காலையில் அட்டையை உருவினால் உங்கள் கையில் ஒரு வரைபடம் இருக்கும். சொட்டு பம்பரிலிருந்து எத்தனை அங்குலம் உள்ளே, நடுவிலா ஓரமா, எல்லாம் தெரியும். டீசல் பெரிய வட்டமாகப் பரவி விளிம்பு மங்கிப்போகும், வாடை போகாது. எஞ்சின் ஆயில் நடுவில் கறுத்து, சுற்றிலும் வெளிறிய வளையம் விடும். கூலண்ட் காய்ந்தால் பிசுபிசுப்போ வெளிறிய உப்புப் பூத்த மாதிரி தடமோ இருக்கும். இரண்டு மூன்று அட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே இடத்தில் விழுகிறதா, இடம் மாறுகிறதா? இடம் மாறினால், மேலே பரவலாகப் பூசியிருப்பது வடிந்து விழுகிறது என்று அர்த்தம். அந்தச் சொட்டுக்கு நேர் மேலே எதையும் தேடிப் பயனில்லை.

இதைவிட முக்கியமானது எப்போது கசிகிறது என்பது. நின்றிருக்கும்போது மட்டும் சொட்டினால் ஒரு கூட்டம் சந்தேகத்துக்குரியவை, ஓடும்போது மட்டும் நனைந்தால் வேறு கூட்டம். அழுத்தத்தில் இருக்கும் எண்ணெய், அதாவது டர்போவுக்குப் போகும் லைன், ஆயில் ஃபில்டர் ஹெட், ஆயில் கூலர், எஞ்சின் ஓடும்போதுதான் பீய்ச்சும். கேஸ்கட்டின் கீழ் விளிம்பு, டிரெயின் போல்ட் போன்றவை எண்ணெய் தேங்கி நிற்கும் இடங்கள். அவை இரவெல்லாம் நிதானமாகச் சொட்டும். குளிர்ந்த காலையில் மட்டும் வந்து, எஞ்சின் சூடானதும் நின்றுபோனால் ஹோஸ் கிளாம்ப். வண்டியை ஜாக்கில் நிறுத்திய அன்றைக்கு மட்டும் வந்தால் ஜாக்கின் சிலிண்டரோ அதன் ஹோஸோ. டாங்க் நிரப்பிய அன்றைக்கு மட்டும் டீசல் வாடை வந்தால் டாங்கின் மேல்பக்க ஃபிட்டிங்குகள், ரப்பர் வென்ட் ஹோஸ். நெடுஞ்சாலையில் நீண்ட ஏற்றம் ஏறிய பிறகு மட்டும் வந்தால், எஞ்சினுக்குள் அழுத்தம் கூடியது வெளியே வழி தேடுகிறது.

இந்தக் கடைசி வரி உங்களுக்காக. காரின் கண்ணாடியில் படலம் என்று சொன்னீர்களே, அது ஓடும்போது மட்டும் வருவது. நின்ற வண்டி கண்ணாடியில் தெளிக்காது. ஆயில் பேன் கேஸ்கட் அவ்வளவு நைஸாகத் தெளிப்பதும் அபூர்வம். என் முதல் சந்தேகம் அங்கே உள்ளவர்கள் ஸ்லாபர் டியூப் என்று கூப்பிடும் குழாய் மேல்தான்.

அது என்னவென்றால், எந்த எஞ்சினிலும் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கொஞ்சம் வாயு கிராங்க்கேஸுக்குள், அதாவது கிராங்க் சுழலும் கீழறைக்குள், இறங்கும். அது வெளியே போகாவிட்டால் அழுத்தம் ஏறி சீல்கள் பிதுங்கும். 2007 உமிழ்வு விதிகளுக்கு முந்தைய கம்மின்ஸ் டீசல்களில் அந்த வாயு பிரீதர் என்ற காற்றுப்போக்கி வழியாக, ஒரு ரப்பர் குழாய் வழியாக, எஞ்சினுக்குக் கீழே திறந்த வெளியில் விடப்படும். வாயுவோடு எண்ணெய் ஆவியும் போகும், குளிர்ந்து துளியாகும், சொட்டும். லாரியில் எஞ்சின் முன்னால், குழாய் ரேடியேட்டருக்குப் பின்னால் என்பதால் சொட்டு ரோட்டில் விழுந்து தொலையும், யாரும் கவலைப்படுவதில்லை. மோட்டார்ஹோமில் அதே எஞ்சினைத் திருப்பிப் பின்னால் வைத்துவிட்டார்கள். குழாயின் வாய் விசிறிக்கு முன்னால் வந்துவிட்டது. விசிறி பெரும்பாலும் எஞ்சின் பக்கத்திலிருந்து காற்றை இழுத்து ரேடியேட்டர் வழியாக வெளியே தள்ளும். எண்ணெய் ஆவியும் ரோட்டுப் புழுதியும் சேர்ந்து ரேடியேட்டர் அடுக்கின் எஞ்சின் பக்கத்து முகத்தில் அப்பிக்கொள்ளும். வெளியே நின்று டார்ச் அடித்துப் பார்த்தால் பளிச்சென்றுதான் தெரியும்; உள்பக்கம் கம்பளி போர்த்தியது போல் அடைத்திருக்கும். ஏற்றத்தில் வெப்பமானி முள் வழக்கத்தைவிட மேலே போகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. அதையும் கவனியுங்கள். ஆம் என்றால் என் சந்தேகம் பாதி உறுதி.

படுக்கை அறையில் கட்டிலைத் தூக்கினால், சில வண்டிகளில் அலமாரியின் தரையைக் கழற்றினால், எஞ்சின் மேலிருந்து தெரியும். பிரீதர் எங்கே இருக்கிறது, அதன் குழாய் எங்கே இறங்குகிறது என்று கையால் தொட்டபடியே தேடுங்கள், எஞ்சின் ஆறியிருக்கும்போது. முனையைக் கண்டுபிடித்ததும் அதன் வாயைச் சுற்றி எத்தனை அடிக்கு நனைந்திருக்கிறது என்று பாருங்கள்.

சரி, எல்லா எஞ்சினும் அந்தக் குழாயில் கொஞ்சம் விடும். உங்களுடையது ஏன் இவ்வளவு விடுகிறது? இரண்டு காரணம். ஒன்று, ரிங்குகள் தேய்ந்திருக்கலாம். நன்றாக ஓடும் எஞ்சினில் அதை முதலில் நினைக்க வேண்டியதில்லை, ஒர்க்‌ஷாப்பில் கிராங்க்கேஸ் அழுத்தத்தை அளந்தால் தெரிந்துவிடும். இரண்டாவது காரணம்தான் பழைய மோட்டார்ஹோம்களில் சகஜம்: எண்ணெய் அளவுக்கு மேல் இருக்கிறது. எஞ்சினைப் பின்னால் சாய்வாகப் பொருத்தி, எட்டும் தூரத்துக்கு டிப்ஸ்டிக் (எண்ணெய் மட்டம் பார்க்கும் கம்பி) குழாயை நீட்டி வளைத்திருப்பார்கள். அந்த டிப்ஸ்டிக்கில் இருக்கும் ‘ஃபுல்’ கோடு இந்த எஞ்சினுக்கு, இந்தச் சாய்வுக்குச் சரிதானா என்று யாரும் சரிபார்த்திருக்க மாட்டார்கள். ஒவ்வொரு சர்வீஸிலும் கோடு வரை ஊற்றுகிறார்கள். மிகுதி எண்ணெயைக் கிராங்க் அடித்து நுரைக்கும், பிரீதர் வெளியே தள்ளும். நீங்கள் மட்டம் இறங்கிவிட்டதே என்று மறுபடி ஊற்றுவீர்கள். இப்படி ஊற்றுவதும் துப்புவதுமாகவே வண்டிகள் வருஷக்கணக்கில் ஓடியிருக்கின்றன. இதில் எந்த சீலுக்கும் சம்பந்தம் கிடையாது.

சோதிப்பது சுலபம். ‘ஃபுல்’ கோட்டிலிருந்து இறங்கும் எண்ணெயை உடனே நிரப்பாதீர்கள். எண்ணெய் சேர்க்கச் சொல்லும் ‘ஆட்’ (Add) கோட்டுக்குக் கீழே போகாதவரை அப்படியே ஓட்டி, ஒவ்வொரு நாளும் வண்டி சமதளத்தில் ஆறிய பிறகு மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். முதலில் சட்டென்று இறங்கி, பிறகு ஓர் இடத்தில் வந்து பல நூறு மைலுக்கு அசையாமல் நின்றால், அந்த இடம்தான் உங்கள் எஞ்சினின் உண்மையான ‘ஃபுல்’. அடுத்த ஆயில் மாற்றும்போது முறையாகவே செய்யலாம். முழுவதும் வடித்து, புது ஃபில்டர் போட்டு, எஞ்சின் புத்தகத்தில் தாழ்ந்த குறிக்கு என்று போட்டிருக்கும் அளவை மட்டும் ஊற்றி, கொஞ்ச நேரம் ஓட்டி நிறுத்தி, எண்ணெய் இறங்க நேரம் விட்டு, டிப்ஸ்டிக்கில் அரத்தால் ஒரு கீறல். உயர்ந்த குறிக்குத் தேவையான மிச்சத்தை ஊற்றி இன்னொரு கீறல். புத்தகம் என்றால் எஞ்சினின் சீரியல் நம்பரை வைத்து எஞ்சின் கம்பெனி தரும் விவரம். வண்டி கட்டியவர் கொடுத்த பொதுக் கையேட்டை நம்ப வேண்டாம். ஆயில் பேன் பல அளவுகளில் வரும். மட்டம் இறங்காமல் ஏறிக்கொண்டே போனால் அது வேறு வியாதி: டீசலோ கூலண்டோ எண்ணெயில் கலக்கிறது. அந்த வண்டியை ஓட்டக் கூடாது.

பிரீதர் குழாயை நீட்டி, விசிறியின் காற்றில் படாத இடத்தில், ரேடியேட்டரைத் தாண்டி விடுவது பலரும் செய்யும் மாற்றம். நானும் செய்யச் சொல்வேன். ஆனால் நடுவில் தொய்வு விடாமல் இறக்கமாகவே போக வேண்டும். தொய்வில் நீரும் எண்ணெயும் தேங்கும். கடுங்குளிரில் உறைந்து அடைத்துக்கொள்ளும். அடைத்தால் என்ன ஆகும் தெரியுமா, அழுத்தம் ஏறி உண்மையாகவே ரியர் மெயின் சீலைத் தள்ளிவிடும். இதற்காகவே நீட்டிய குழாயின் மேல்பகுதியில் ஒரு மாற்று ஓட்டை விடுவார்கள். முனையில் பாட்டில் கட்டி எண்ணெயைப் பிடிப்பவர்களும் உண்டு. பிடிக்கட்டும், ஆனால் பாட்டிலின் வாய் காற்றுப் போக வழியில்லாமல் இறுகியிருக்கக் கூடாது.

இதே தர்க்கம் வண்டி முழுக்கப் பொருந்தும். பின் ஆக்ஸிலின் மேலே சுண்டுவிரல் அளவில் ஒரு பிரீதர் இருக்கும். சேறும் பெயின்ட்டும் அடைத்திருந்தால் ஆக்ஸில் சூடாகும்போது உள்ளே அழுத்தம் ஏறி பினியன் சீல் (டிரைவ் ஷாஃப்ட் ஆக்ஸிலோடு சேரும் இடத்து சீல்) வழியாக எண்ணெயைத் தள்ளும். சீலை எத்தனை தரம் மாற்றினாலும் தள்ளும். முன் ஹப்பின் கண்ணாடி மூடியில் இருக்கும் ரப்பர் அடைப்பானும் அப்படித்தான். சீல் திரும்பத் திரும்பப் போவதற்கு இன்னொரு காரணம் ஷாஃப்ட்டில் விழுந்திருக்கும் வரிப்பள்ளம். பழைய சீலின் உதடு ஒரே இடத்தில் உரசி உரசி, நகத்தால் தடவினால் தடுக்கும் அளவுக்குக் கோடு போட்டிருக்கும். புது சீலை அதே இடத்தில் உட்கார வைத்தால் சில மாதம்தான். அதற்கென்று மெல்லிய எஃகு உறை இருக்கிறது, ஸ்பீடி ஸ்லீவ் என்று கேட்டால் கிடைக்கும். உங்கள் ரியர் மெயின் சீலை மாற்றியவர்கள் கிராங்க்கின் அந்த இடத்தைப் பார்த்தார்களா, உறை போட்டார்களா என்று பில்லைப் பாருங்கள். ஒரு வரிகூட இல்லையென்றால் சந்தேகப்பட இடமிருக்கிறது.

இனி மூலத்தைக் கண்ணால் பார்க்கும் வேலை. முதலில் சுத்தம். இதைத் தவிர்த்துவிட்டு எதையும் கண்டுபிடிக்க முடியாது. எண்ணெய் நீக்கும் கரைசலைத் தெளித்து ஊறவிட்டு, மென்மையான நீர்ப்பீச்சலில் கழுவுங்கள். காரமான கிளீனர்கள் அலுமினியத்தை அரிக்கும். ரேடியேட்டர் முகத்துக்கு அலுமினியத்தில் பாதுகாப்பானது என்று டப்பாவில் போட்டிருப்பதை மட்டும் வாங்குங்கள். பிரஷர் வாஷரை ரேடியேட்டர் செதில்களுக்கு நேராக, கிட்டத்தில் பிடித்தால் எல்லாம் மடங்கிப்போகும். ஆல்டர்னேட்டர், எஞ்சின் கம்ப்யூட்டரின் கனெக்டர் ஆகியவற்றை பிளாஸ்டிக் பையால் மூடிவிடுங்கள். காய வையுங்கள். காய்ந்த பிறகு சந்தேகப்படும் மூட்டுகளின் மேல் பாதத்துக்கு அடிக்கும் பவுடர் ஸ்ப்ரேயை அடியுங்கள், மருந்துக் கடையில் கிடைக்கும் வெள்ளைப் பவுடர்தான். வெள்ளைத் தரையில் ஒரு துளி எண்ணெய் பட்டாலும் கறுத்த கோடாகத் தெரியும், அந்தக் கோடு எங்கே தொடங்குகிறது என்பதும் தெரியும்.

கூடவே யூவி சாயம், அதாவது திரவத்தில் கலந்துவிட்டால் புற ஊதா விளக்கில் ஒளிரும் சாயம். எஞ்சின் ஆயிலுக்கு ஒன்று, கூலண்டுக்கு வேறொன்று, மாற்றி ஊற்றிவிடாதீர்கள். டீசல் எஞ்சினில் எண்ணெய் கரியாக இருப்பதால் சாயம் மங்கும். முடிந்தால் ஆயில் மாற்றிய கையோடு சேர்க்கவும், டப்பாவில் சொன்ன அளவில் தாராளமான பக்கம். இருட்டியபின் மஞ்சள் கண்ணாடி போட்டுக்கொண்டு யூவி விளக்கடித்துப் பார்க்க வேண்டும். பச்சைக் கூலண்ட் சில சமயம் சாயம் இல்லாமலே ஒளிரும், அதைக் கண்டு குழம்ப வேண்டாம்.

பலர் தவறுவது அடுத்த கட்டத்தில். சாயம் ஊற்றிவிட்டு இருநூறு மைல் ஓட்டி வந்து பார்ப்பார்கள். மறுபடி எல்லா இடமும் ஒளிரும். படிப்படியாகப் போங்கள். நின்ற இடத்திலேயே கால் மணி ஓடவிட்டு ஒரு பார்வை. வேகத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்து ஒரு பார்வை. பத்து மைல் ஓட்டி, உடனே கட்டிலைத் தூக்கி ஒரு பார்வை. பிறகு ஏற்றமுள்ள ரோட்டில். ஒவ்வொரு முறையும் ஒரே கோணத்தில் போட்டோ எடுங்கள். ஈரம் முதன்முதலில் தலைகாட்டும் கட்டத்தைப் பிடித்துவிட்டால் வேலை முடிந்த மாதிரி. எஞ்சின் உச்சியில் வால்வு கவர் விளிம்பா, டர்போவிலிருந்து எண்ணெய் திரும்பி இறங்கும் குழாயின் அடியா, ஏர் கம்ப்ரெஸரின் கேஸ்கட்டா என்று பெயர் சொல்லிவிடலாம். இந்த மூன்றிலிருந்து வழியும் எண்ணெய் பிளாக் ஓரமாக இறங்கினால் கடைசியில் எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்துக் கூடான பெல் ஹவுஸிங்கின் அடியில் வந்துதான் சொட்டும். அதனால்தான் ரியர் மெயின் சீல் இத்தனை பழியைச் சுமக்கிறது.

பெல் ஹவுஸிங்கைப் பற்றி ஒன்று. அதன் அடியில் சொட்டுவது கறுப்பா சிவப்பா? சிவப்பு என்றால் ஆலிசனின் முன் சீல், எஞ்சின் பக்கம் போகவே வேண்டாம். மட்டம் காட்டும் சென்சார் உள்ள ஆலிசனில் கியர் பட்டன் பலகையில் மேல், கீழ் அம்புக்குறி இரண்டையும் சேர்த்து அழுத்தினால் ஆயில் மட்டம் திரையில் வரும். வாரம் ஒருமுறை பார்த்து எழுதி வைத்தால் அது குறைகிறதா என்பது சந்தேகமில்லாமல் தெரியும்.

கூலண்ட் பக்கம் உங்களுக்குப் பிரச்சினை இல்லை என்று எழுதியிருந்தாலும், இதைப் படிக்கும் வேறு பலருக்கு அதுதான் தலைவலி. பின் எஞ்சின் வண்டியில் முன்னால் டிரைவர் காலடி ஹீட்டருக்கு வெந்நீர் போக, வண்டியின் முழு நீளத்துக்கும் இரண்டு ஹோஸ்கள் ஓடுகின்றன. சில வண்டிகளில் குளியலறை கீஸருக்குள்ளும் எஞ்சின் கூலண்ட் சுற்றி வரும். ஓடும்போதே தண்ணீர் சுடட்டும் என்ற ஏற்பாடு. கூலண்ட் குறைகிறது, எஞ்சின் அடியில் ஒரு சொட்டு இல்லை என்றால் நடு வண்டியின் சாமான் அறைத் தரையையும் கீஸரின் பின்பக்கத்தையும் தடவிப் பாருங்கள். எஞ்சினருகே அந்த ஹோஸ்களுக்கு வால்வு இருக்கும். அவற்றை மூடிவிட்டுச் சில நாள் ஓட்டி மட்டம் நின்றால், கசிவு எஞ்சினில் இல்லை, நீண்ட ஹோஸ் பக்கம் என்று பாதி வண்டியைக் கழித்துவிடலாம். ஆறிய எஞ்சினில், ரேடியேட்டர் மூடிக்குப் பதில் கைப்பம்ப் பொருத்தி, மூடியில் எழுதியிருக்கும் அழுத்தம் வரை மட்டும் ஏற்றி, முள் இறங்குகிறதா என்று பார்ப்பது பழைய முறை, இன்றைக்கும் சிறந்த முறை. குளிர்ந்த காலையில் செய்யுங்கள். கிளாம்ப் கசிவு அப்போதுதான் மாட்டும். சிலிகோன் ஹோஸில், திருகால் இறுக்கும் துளையுள்ள சாதாரண வார்ம் (worm) கிளாம்ப் போட்டிருந்தால் அது ஹோஸை அறுக்கும், குளிரில் தளரும். உள்ளே வழவழப்பான பட்டையும் ஸ்பிரிங்கும் உள்ள கான்ஸ்டன்ட் டார்க் கிளாம்பாக மாற்றினால் இந்தத் தொல்லை ஒழியும். வெளியே எங்குமே ஈரம் இல்லாமல் கூலண்ட் காணாமல் போனால், ஆயில் மாதிரியை லேபுக்கு அனுப்பி சோடியம், பொட்டாசியம் கூடியிருக்கிறதா என்று கேளுங்கள். கூடியிருந்தால் கூலண்ட் எஞ்சினுக்குள் போகிறது.

ஜாக் ஆயில் விஷயத்தில், எல்லா ஜாக்கையும் உள்ளே இழுத்துவிட்டுத்தான் டேங்க் மட்டம் பார்க்க வேண்டும். நீட்டியிருக்கும்போது குறைவு என்று ஊற்றினால், இழுக்கும்போது மூடி வழியே பொங்கி வழியும். அதைக் கசிவு என்று துரத்திக்கொண்டிருப்பீர்கள். சக்கரத்தின் உள்பக்கம் ஈரம் கண்டால் வேறு எதையும் யோசிக்காமல் வண்டியை நிறுத்துங்கள். ஹப் ஆயில் பிரேக் லைனிங்கில் ஏறினாலும், ஹைட்ராலிக் பிரேக் வண்டியில் பிரேக் ஆயில் இறங்கினாலும், இத்தனை டன் வண்டி நிற்காது.

அடியில் படுக்குமுன் கவனம். காற்றுப்பைகள் தாங்கும் ஏர் சஸ்பென்ஷன் வண்டியில் காற்று இறங்கினால் சட்டம் பல அங்குலம் கீழே வரும். ஆட்கள் நசுங்கிச் செத்திருக்கிறார்கள். வண்டியின் சொந்த ஜாக்கை நம்பி அடியில் போகவே கூடாது. சட்டத்துக்குக் கீழே எடைக்கு ஏற்ற ஸ்டாண்டு, சக்கரத்துக்குக் கட்டை. ஓடும் எஞ்சினில் ஹைட்ராலிக் ஹோஸையோ டீசல் லைனையோ கையால் தடவி ஓட்டை தேடாதீர்கள். ஊசித் துளையில் பீய்ச்சும் எண்ணெய் கையுறையையும் தோலையும் துளைத்து உள்ளே போகும். பார்க்கச் சின்னப் புள்ளியாக இருக்கும், கையையே எடுக்க வேண்டி வரலாம். கிட்டத்தில் ஒரு அட்டைத் துண்டை நகர்த்திப் பாருங்கள், நனைந்தால் தெரிந்துவிடும். சிந்திய கூலண்டைத் துடைத்துவிடுங்கள். இனிப்பாக இருப்பதால் நாய் நக்கும், எத்திலீன் கிளைக்கால் கொஞ்சம் போனாலே அதன் சிறுநீரகம் போய்விடும்.

கசிவை அடைக்கும் திரவ டப்பாக்களைப் பற்றிக் கேட்பீர்கள். கூலண்டில் ஊற்றுவது ஹீட்டரின் நுண்குழாய்களையும் சேர்த்து அடைக்கும். எஞ்சின் ஆயிலில் ஊற்றுவது ரப்பரை ஊதவைத்துக் கொஞ்ச நாள் ஏமாற்றும். எந்த மூட்டு கசிகிறது என்பதே தெரியாமல் இருக்கும் நிலையில், இது தடயத்தையும் அழித்துவிடும்.

ஆகவே உங்கள் வண்டிக்கு நான் சொல்லும் வரிசை: எண்ணெய் மட்டத்தை ‘ஃபுல்’லுக்குக் கீழே இருக்கவிட்டுக் கவனியுங்கள். பிரீதர் குழாயைத் தேடி அதன் முனையைச் சோதித்து, காற்றுக்கு வெளியே கொண்டுபோங்கள். எஞ்சினையும் ரேடியேட்டரின் உள்முகத்தையும் கழுவுங்கள். பிறகு பவுடர், சாயம், படிப்படியான ஓட்டம். காரின் கண்ணாடி சுத்தமாகி, அட்டையில் மட்டும் கறுத்த சொட்டு தொடர்ந்தால், பெல் ஹவுஸிங்கின் அடித் துளை வழியே பார்க்கச் சொல்லுங்கள். ஒர்க்‌ஷாப்பில் ‘இந்த பாகத்தை மாற்றுங்கள்’ என்று சொல்லாமல், ‘கண்டுபிடிப்பதற்கு இத்தனை மணி நேரக் கூலி தருகிறேன், கழற்றுவதற்கு முன் ஈரம் தொடங்கும் இடத்தை போட்டோ எடுத்து அனுப்புங்கள்’ என்று எழுத்தில் கேளுங்கள். நல்ல மெக்கானிக் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். ஆயில் பேன் கேஸ்கட் கடைசியில்தான். சட்டம் தடுக்கும் வண்டிகளில் பேனை இறக்க எஞ்சினையே தூக்க வேண்டியிருக்கும். பேனின் விளிம்பில் மேலிருந்து வழிந்த தடமில்லாமல் அங்கேயே சாயம் ஒளிரத் தொடங்கும் போட்டோ கையில் வந்தால் மாற்றுங்கள்.